புகையை அளக்காத அடுப்புகள்

தில்லியில் இதய மருத்துவராக இருந்த எஸ். பத்மாவதி, சக மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து 1959-இல் ‘சர்க்குலேஷன்’ என்ற அமெரிக்க மருத்துவ இதழில் 127 நோயாளிகளைப் பற்றிக் கட்டுரை எழுதினார். நுரையீரல் நாள்பட்டுக் கெட்டு, அதன் சுமை தாங்காமல் இதயத்தின் வலப்பக்கம் பெருத்துத் தளரும் நோய் அது. மேலை நாடுகளில் அது பெரும்பாலும் ஆண்களுக்கு வருவதாகவே அறியப்பட்டிருந்தது. தில்லி மருத்துவமனைக்குப் பெண்களும் ஆண்களுக்கு நிகராக அந்த நோயுடன் வந்தார்கள். அவர்களில் மிகப் பலர் பீடியோ சிகரெட்டோ தொடாதவர்கள். இளம் வயது முதல் அடுப்படியில் சுவாசித்த புகையைக் கட்டுரை காரணமாகச் சுட்டியது. ஆக, விறகுப் புகை நுரையீரலைத் தின்கிறது என்ற ஐயம் இந்தியாவில் புதிதாக முளைத்ததல்ல. அதற்குப் பிறகு அரசு கோடிக்கணக்கில் அடுப்புகளைக் கட்டிக்கொடுத்தது. அந்த அடுப்புகளால் வீட்டுக் காற்று ஏன் சுத்தமாகவில்லை என்பதுதான் கேள்வி. அடுப்பைத் திருத்த வந்தவர்கள் விறகை நிறுத்தார்கள், கட்டிய அடுப்பை எண்ணினார்கள். அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவள் சுவாசித்த காற்றை நெடுங்காலம் யாரும் அளக்கவில்லை. எதை அளந்தார்களோ அதற்கேற்பவே அடுப்பும் அமைந்தது என்பது என் வாதம்.

அடுப்பைப் பற்றி நம் வீடுகளுக்கு இருந்த பழைய அறிவு சிறியதல்ல. மூன்று கல் வைத்து மூட்டுவது, மண் குழைத்துப் பூசியது, கல்யாணச் சமையலுக்கு நீளமாக வெட்டும் கோட்டை அடுப்பு, கரி போடும் குமுட்டி, மரத்தூளை இடித்து நிரப்பும் தூள் அடுப்பு என்று வேலைக்கேற்ற வகைகள் இருந்தன. இவற்றில் கெட்டிக்காரத்தனமானது கொடியடுப்பு. பெரிய அடுப்பில் உலை கொதிக்க, பக்கத் துளை வழியாகத் தப்பி வரும் அனலில் ரசமோ பருப்போ தனியாக விறகு கேட்காமல் வெந்துவிடும். பிற்காலத்தில் பொறியாளர்கள் ‘பல பாத்திர அடுப்பு’ என்று வரைந்து காட்டியதன் கரு இதில் ஏற்கனவே இருந்தது. ஆனால் கொடியடுப்பு மிச்சப்படுத்தியது விறகை மட்டுமே. புகை அதே அறையில்தான் சுற்றியது. விறகுக்கு விலை இருந்தது: காட்டுக்குப் போய்ச் சுமந்து வந்தால் அரைநாள் கூலி போயிற்று, விறகுக் கடையில் வாங்கினால் எடை போட்டுக் காசு கொடுக்க வேண்டியிருந்தது. புகைக்கு அப்படி எந்த விலையும் இல்லை. போதாததற்கு அதற்குப் பயன்களும் இருந்தன. அடுப்புக்கு மேலே பரணில் வைத்த விதையைப் பூச்சி அரிக்காமல் காத்தது, கூரை ஓலையை உலர்த்தியது. இலக்கியமும் புகைக்குள் நிற்பவளை இரக்கத்தோடு பார்த்ததைவிட வியந்து பார்த்ததே அதிகம். குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய 167-ஆம் பாட்டின் இளம் மனைவி, தாளிப்புப் புகை கண்ணில் நிறையச் சமைத்துப் போட்டு, கணவன் இனிது என்றதும் முகம் மலர்கிறாள். அது தாளிப்புப் புகைதான், விறகுப் புகையல்ல. என்றாலும் கண் எரிவது அன்பின் கணக்கில் வரவு வைக்கப்பட்ட ஒரு வீட்டில் புகைபோக்கி வேண்டும் என்று யார் கேட்பார்கள்?

இது நமக்கு மட்டும் உரிய குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தைப் பற்றி எழுதிய வில்லியம் ஹாரிசன் என்ற பாதிரியார், ஊரெங்கும் புதிதாகப் புகைபோக்கிகள் முளைத்துவிட்டதை முதியவர்கள் பெரிய மாற்றமாகச் சொன்னதைப் பதிவு செய்திருக்கிறார். பழைய வீட்டின் புகை மரச்சட்டங்களை இறுக்கியது, குடும்பத் தலைவனையும் வீட்டாரையும் நோயிலிருந்து காத்தது என்பது பழைய நம்பிக்கை என்றும் எழுதினார். பரணும் கூரையும் பற்றி நம்மவர்கள் சொன்ன அதே நியாயம்தான். அங்கே புகைபோக்கி பரவியதற்குச் செங்கல் மலிந்ததும், நிலக்கரியின் புகையைச் சகிக்க முடியாமல் போனதும் பெரிய காரணங்கள். நல்வாழ்வு உபதேசத்தைக் கேட்டு யாரும் கட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. இந்தியாவுக்கு வந்து பங்களா கட்டிய அதே ஆங்கிலேயர்கள், சமையலறையை வீட்டுக்குப் பின்னால் தனிக் கட்டடமாக ஒதுக்கினார்கள். புகை துரையின் மூக்குக்கு எட்டவில்லை. சமையல்காரர் மூக்கில் அது அப்படியே இருந்தது. பெரிய வீட்டுக்காரர்களும் பின்கட்டில் இதையேதான் செய்தார்கள். புகையை ஒழிப்பதற்குப் பதில் யார் சுவாசிப்பது என்பதைப் பங்கிட்டுக்கொண்டார்கள் என்று சொல்லலாம். ஒரே அறையில் உண்டு உறங்கிய ஏழை வீட்டில் அப்படிப் பங்கிட இடமில்லை. வெயில் காலத்தில் வாசலில் மூட்டிய அடுப்பு மழைக்காலத்தில் உள்ளே வந்தது.

அடுப்பின் முன் இருந்தவளை உண்மையாகவே நினைத்துத் தொடங்கிய முயற்சி வார்தாவில் நடந்தது. 1934-இல் காந்தி நிறுவிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. சங்கத்தின் இருப்பிடம் மகன்வாடி. மகன்லால் காந்தியின் நினைவில் வைத்த பெயர் அது. அங்கே 1947-இல் உருவான புகைபோக்கி வைத்த மண் அடுப்பு, ‘மகன் சூலா’ என்ற பெயரில் வெளியே போயிற்று. அடுத்து ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் எஸ்.பி. ராஜு வடிவமைத்த அடுப்பு. ராஜு 1953-இல் சென்னையில் வெளியிட்ட சிறு நூலின் தலைப்பே அவர் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது: ‘ஸ்மோக்லெஸ் கிச்சன்ஸ் ஃபார் த மில்லியன்ஸ்’. கோடிக்கணக்கான வீடுகளுக்குப் புகையில்லாச் சமையலறை. மண்ணும் குழாயும் போதும், யார் வேண்டுமானாலும் கட்டலாம் என்பது அவர் நம்பிக்கை. இந்தத் தலைமுறையின் எண்ணம் சரி என்றே நான் நினைக்கிறேன். இருட்டும் கரியுமான சமையலறையை மாற்றுவது அவர்களுக்குக் கிராமச் சீர்திருத்தத்தின் பகுதி. குறை வேறிடத்தில். ‘புகையில்லை’ என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்தார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்துகளையும் கார்பன் மோனாக்சைடையும் அளக்கும் கருவி அன்று கிராமத்துக்கு வரவில்லை. எனவே அடுப்பு கெட்டுப்போய், புகை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வந்தபோது எவ்வளவு வந்தது என்று சொல்வார் இல்லை.

பிறகு நோக்கமே திரும்பிவிட்டது. 1973-இல் பெட்ரோலிய விலை ஏறியது. இரண்டு ஆண்டுகளில் எரிக் எக்கோம் என்ற அமெரிக்கர், ஏழை நாடுகளின் இன்னொரு எரிசக்தி நெருக்கடி விறகுதான் என்று எழுதிய அறிக்கை உலகெங்கும் படிக்கப்பட்டது. கிராமத்து அடுப்புகள் காடுகளை விழுங்குகின்றன என்ற அச்சம் பரவியது. அன்று முதல் அடுப்பைத் திருத்துவது என்றால் காட்டைக் காப்பது என்று பொருளாயிற்று. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்ய குமார் ரெட்டி 1974-இல் தொடங்கிய அஸ்த்ரா மையம் கர்நாடகத்துக்காக உருவாக்கிய ‘அஸ்த்ரா ஒலெ’ என்ற மூன்று பாத்திர அடுப்பு இக்காலத்தின் நல்ல படைப்பு. புகைபோக்கியும் உண்டு, விறகும் குறையும். ஆனால் திட்டம் தீட்டியவர்களின் மேசைக்குப் போன எண் ஒன்றுதான்: எரிந்த விறகின் வெப்பத்தில் எத்தனை சதவீதம் பாத்திரத்துக்குள் போயிற்று என்பது. நாட்டு அடுப்பில் அது சுமார் 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டார்கள். அதை இரட்டிப்பாக்கினால் வெற்றி.

விறகு மிச்சமானால் புகையும் தானாகக் குறையும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கொஞ்சம் நெருப்பைக் கவனித்தால் இது அவ்வளவு நேரானதல்ல என்று தெரியும். விறகு சூடேறும்போது அதன் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஆவியாகவும் வாயுவாகவும் பிரிகிறது. அந்த வாயு போதிய காற்றும் கடுஞ்சூடும் கிடைத்து முழுதாக எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும் மட்டுமே மிஞ்சும். பாதியில் குளிர்ந்தால் அதுவே புகை. அடுப்பின் திறன் என்பது விறகு எவ்வளவு நன்றாக எரிகிறது, எரிந்த வெப்பம் எவ்வளவு பாத்திரத்தைச் சேர்கிறது என்ற இரண்டின் பெருக்கம். பாத்திரத்தைத் தீக்கு நெருக்கமாக இறக்கி, அடுப்பு வாயைச் சுருக்கி, சுற்றிலும் மூடிவிட்டால் வெப்பம் நன்றாகச் சேரும், விறகு மிச்சமாகும். ஆனால் அதே மாற்றம் தீயின் மூச்சை அடைத்து, கொழுந்து குளிர்ந்த பாத்திரத்தில் மோதி அணையச் செய்து, ஒவ்வொரு கிலோ விறகுக்கும் வரும் புகையைக் கூட்டிவிடலாம். புகைபோக்கியோ வெப்பத்தில் ஒரு பகுதியையும் இழுத்துக்கொண்டு போகும். திறனை மட்டும் பார்க்கும் தேர்வில் அது மதிப்பெண்ணைக் குறைக்கும் பொருள். ஆய்வுக்கூடத்தில் வைத்த தேர்வும் அப்படிப்பட்டதே: குறிப்பிட்ட அளவு தண்ணீரைக் கொதிக்க வைத்து, எரிந்த விறகை நிறுத்துப் பார்ப்பது. அந்தத் தேர்வில் முதல் வகுப்பில் தேறிய அடுப்பு, சமையலறையில் நாட்டு அடுப்பைவிட மோசமாகப் புகையலாம். தேர்வுத் தாளில் அதற்குக் கட்டமே இல்லை.

இந்த அளவுகோலோடு 1983-இல் தொடங்கியது மத்திய அரசின் மேம்படுத்திய அடுப்புகளுக்கான தேசியத் திட்டம். நியாயமாகச் சொன்னால், அதன் குறிக்கோள்களில் புகையைக் குறைப்பதும் எழுதப்பட்டிருந்தது. ஆனால் மானியம் பெற அடுப்பு காட்ட வேண்டிய தகுதி வெப்பத் திறன். வீட்டில் கட்டும் மண் அடுப்புக்கு 20 சதவீதம், தூக்கிச் செல்லும் உலோக அடுப்புக்கு 25 சதவீதம். அந்த உலோக அடுப்புகளுக்குப் புகைபோக்கியே கிடையாது. மாவட்டங்களுக்கு இலக்கு வந்தது, கட்டிய அடுப்பின் எண்ணிக்கை மேலே போயிற்று, ஏறத்தாழ மூன்றரைக் கோடியைத் தொட்டது. எண்ணியது கட்டிய நாளில். ஓராண்டு கழித்து அது எரிகிறதா என்பதை யாராவது ஆய்வுக்குப் போனால்தான் தெரியும். போனவர்கள் கண்டது பெரும்பாலும் விரிசல் விட்ட மண்ணும், கரி அடைத்த குழாயும், பக்கத்திலேயே புகைந்துகொண்டிருந்த பழைய அடுப்பும். இதில் கசப்பான வேடிக்கை ஒன்று: புகையை வெளியேற்ற வைத்த குழாய்களில் பல கல்நார் சிமென்ட் குழாய்கள்.

பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை, அதனால்தான் நல்ல அடுப்பைக் கைவிட்டார்கள் என்று ஒரு வாதம் அன்றும் இன்றும் உண்டு. அதிகாரிகளுக்கு இது வசதியான விளக்கம். கொடியடுப்பைக் கண்டவர்களுக்கு அடுப்பு புரியாது என்று நம்புவது கடினம். அரசு அடுப்பின் துளை ஓர் அளவு, வீட்டுச் சோற்றுப் பானை வேறோர் அளவு. வாய் குறுகலாக இருந்ததால் விறகைச் சிறு துண்டாகப் பிளக்க வேண்டும். அந்தக் கூடுதல் வேலை யார் தலையில் விழும் என்று வரைபடத்தில் இல்லை. இரண்டாம் துளையில் சாமான் வேகத் தாமதம். குழாய் நுழைந்த இடத்தில் கூரை மழைக்கு ஒழுகியது, ஓலை வீட்டில் தீப்பொறி பயம் வேறு. குழாயில் கரி படிந்தால் துடைப்பது யார், உடைந்தால் மாற்றுவது எங்கே என்பதற்குத் திட்டத்தில் ஏற்பாடு குறைவு. இத்தனையும் பார்த்துப் பழைய அடுப்புக்குத் திரும்பியது அறியாமை ஆகாது. கணக்குப் போட்டே திரும்பினார்கள். அந்தக் கணக்கில் புகையின் விலை மட்டும் விட்டுப்போயிற்று என்றால், அவர்களிடம் அந்த விலையை யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டியவர்களே அளந்து பார்க்கவில்லையே.

அளந்தவர் அமெரிக்க ஆய்வாளர் கிர்க் ஸ்மித். இந்திய ஆய்வாளர்களோடு 1981-இல் குஜராத்தின் நான்கு கிராமங்களுக்குப் போனார். அதுவரை காற்று மாசு என்றால் நகரத்தில் கம்பத்தின் மேல் கருவி வைத்துப் பார்ப்பது வழக்கம். அவர்கள் சமைக்கும் பெண்களின் உடலிலேயே சிறு காற்றிழுப்பியைப் பொருத்தினார்கள். சமைக்கும் நேரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 7 மில்லிகிராம் துகள் இருந்தது. தொழில்நகரம் எதிலும் அத்தனை இருந்தால் ஊரைக் காலி செய்யச் சொல்லியிருப்பார்கள். தமிழ்நாட்டில் இதைத் தொடர்ந்து செய்தவர் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன். நான்கு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளில் அவர் குழு எடுத்த அளவுகளின்படி, விறகு எரியும் வீட்டில் சமையல் நேரத்தில் சுவாசத்தோடு உள்ளே போகும் துகள் ஒரு கன மீட்டருக்கு 500 முதல் 2,000 மைக்ரோகிராம். நாள் முழுவதற்கும் சராசரி பார்த்தால் சமைப்பவருக்கு 231, அதே வகை வீட்டில் சமைக்காதவருக்கு 90, எரிவாயு போன்ற எரிபொருள் உள்ள வீடுகளில் 82. பங்களாவில் நடந்த பழைய பங்கீடு இங்கே எண்ணாக எழுந்து நிற்கிறது. இந்த ஆய்வு வெளியான ஆண்டு 2002. வீட்டுப் புகையால் ஆண்டுக்கு 16 லட்சம் பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் தன் அறிக்கையில் மதிப்பிட்டதும் 2002-இல்தான். அடுப்புத் திட்டத்தை மத்திய அரசு முடித்துக்கொண்டதும் அதே 2002. நோயின் கணக்கு கைக்கு வந்தபோது, அதைப் பயன்படுத்தத் திட்டம் இல்லை.

மறுப்புகள் சிலவற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். புகை கொசுவை விரட்டுகிறது, அதை எடுத்தால் மலேரியா வரும் என்பார்கள். 2007-இல் வெளியான ஒரு மறுஆய்வு இதை ஆராய்ந்து, சமையல் புகை மலேரியாவிலிருந்து காப்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றது. கூரையையும் விதையையும் காத்தது உண்மைதான்; ஓட்டு வீடும் தகரப் பெட்டியும் வந்த பிறகு அந்த உண்மையின் எடை குறைந்துவிட்டது. இன்னும் கனமான மறுப்பு, புகைபோக்கியால் பயனே இல்லை என்பது. பொருளியலாளர் எஸ்தர் டுஃப்லோவும் கூட்டாளிகளும், புகைபோக்கி அடுப்புகள் கட்டிக்கொடுக்கப்பட்ட ஒடிசாவின் 44 கிராமங்களில் சுமார் 2,600 குடும்பங்களை நான்கு ஆண்டுகள்வரை தொடர்ந்து பார்த்தார்கள். முதல் ஆண்டில் சமைப்பவர் சுவாசித்த புகை குறைந்தது, பின்னர் அந்தக் குறைவு மறைந்தது, உடல்நலத்தில் மாற்றம் காணவில்லை. ஆனால் சீனாவின் சுவான்வேயில் 21,000-க்கும் மேற்பட்டவர்களை 1976 முதல் 1992 வரை பின்தொடர்ந்த ஆய்வில், புகை கக்கும் நிலக்கரி எரித்த வீடுகளில் புகைபோக்கி வைத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. எரிபொருள் வேறு, நோய் வேறு என்பதை மறக்காமல் இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று விளங்கும்: நிலைத்து நின்று, நாளும் பயன்பட்ட புகைபோக்கி உயிரைக் காத்தது; ஒடிசாவில் தோற்றது பராமரிப்பு. புகைபோக்கியின் புகை தெருவில்தானே விழுகிறது என்று கேட்டால், ஆம், அதற்குப் பதில் கிடையாது. இந்தியாவின் வெளிக்காற்று நுண்துகளில் ஏறக்குறைய கால் பங்கு வீட்டு அடுப்புகளிலிருந்து வருவது. விறகை எரித்துக்கொண்டே ஊர்க்காற்றைச் சுத்தமாக வைக்கும் அடுப்பை மலிவாக யாரும் இதுவரை செய்துவிடவில்லை.

அதனால்தான் பேச்சு எரிவாயுவுக்குப் போயிற்று. தமிழ்நாட்டில் 2006 தேர்தல் வாக்குறுதியாக வந்து 2007-இல் தொடங்கிய இலவச எரிவாயு அடுப்புத் திட்டம், புகை ஒழிப்பு என்ற பெயரே இல்லாமல், நாற்பது ஆண்டுப் புகையில்லா அடுப்புப் பிரச்சாரம் செய்ததைவிட அதிகம் செய்தது என்பது என் கணிப்பு. மத்திய அரசின் எரிவாயு இணைப்புத் திட்டமான உஜ்வலா 2016 மே மாதம் வந்தது. இங்கும் ஒரு மறுப்பு காத்திருக்கிறது. தமிழ்நாட்டின் நாகப்பட்டினம், விழுப்புரம் பகுதிகள் உட்பட நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளிடம் நடந்த ‘ஹாப்பின்’ என்ற ஆய்வில், எரிவாயு பெற்றவர்கள் சுவாசித்த நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 23.9 மைக்ரோகிராம், பெறாதவர்கள் சுவாசித்தது 70.7 என்று வித்தியாசப்பட்டும், குழந்தையின் பிறப்பெடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2022-இல் முடிவு வந்தது. குழந்தைகளின் நிமோனியாவிலும் அப்படியே. புகையின் தீமையை மிகைப்படுத்திவிட்டார்கள் என்பவர்களுக்கு இது நல்ல ஆதாரம். மழுப்பாமல் ஏற்றுக்கொள்ள வேண்டியதும் கூட. கர்ப்பத்தின் நடுவில் எரிபொருளை மாற்றினால் பிறப்பெடை கூடும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. ஆனால் பத்மாவதி கண்ட நோய் சில மாதங்களில் வருவதல்ல. இருபது முப்பது ஆண்டுப் புகையில் தேய்ந்த நுரையீரலுக்குப் பதில் சொல்ல, ஒன்றரை ஆண்டுச் சோதனைக்கு வழியில்லை. விறகு முதலிய தாவர எரிபொருளின் வீட்டுப் புகையை அநேகமாகப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியதாக உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2006-இல் வகைப்படுத்தியதும் இப்படிப்பட்ட நெடுங்காலப் புகையைப் பற்றிய சான்றுகளையும் கொண்டே.

எரிவாயு வந்தும் பழைய பிழை ஒன்று கூடவே வந்திருக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தூய எரிபொருளில் சமைக்கும் தமிழ்நாட்டு வீடுகள் 2015-16-இல் 73 சதவீதம், 2019-21-இல் 82.9 சதவீதம். நாடு முழுவதும் அப்போது 58.6 மட்டுமே என்பதால் இதில் பெருமைப்பட இடமுண்டு. ஆனால் ஆய்வு எழுதிக்கொள்வது வீட்டின் முதன்மை எரிபொருளை. காபியும் குழம்பும் எரிவாயுவில் வைத்துவிட்டு, குளிக்க வெந்நீரும், மாட்டுக்குக் கஞ்சியும், அவிக்க வேண்டிய நெல்லும் கொல்லைப்புறத்து விறகடுப்பில் ஏற்றும் வீடு, இந்தக் கணக்கில் முழுத் தூய்மை பெற்றுவிடுகிறது. சிலிண்டர் விலை ஏறும் மாதத்தில் சோறும் அங்கே போய்விடும். அதுவும் கணக்கில் வராது. முன்பு கட்டிய அடுப்பை எண்ணினார்கள், இப்போது கொடுத்த இணைப்பை எண்ணுகிறார்கள். அடுத்த ஆய்வில் வீட்டில் விறகு எரியும் எல்லா இடத்தையும், எரியும் நேரத்தையும், ஆண்டுக்கு எத்தனை சிலிண்டர் வாங்கினார்கள் என்பதையும் கேட்டு எழுதட்டும். அதுவரை 82.9 என்பது தூய எரிபொருளை முதன்மையாகச் சொன்ன வீடுகளின் விகிதமே தவிர, வீட்டுக் காற்றின் அளவு ஆகாது.